லிஃப்ட் போட்ட ஜிப்சியில் கிராஸ் ஏன் நிற்பதில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி. நாலு பட்டைக்கட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) வளைவு ஏற்றி, அது போதாமல் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளையும் நீளமாகப் போட்டு மொத்தம் 3 அங்குலம் தூக்கியிருக்கிறீர்கள். டயர் 215/75 ஆர்15. அதற்குப் பிறகு 55-லிருந்து 65 வரை வேகத்தில் காலுக்கடியில் ஒரு நடுக்கம், ஆக்சிலேட்டரை விட்டால் குறைகிறது. முதல் கியரில் கிளட்சை விடும்போது 'டங்' என்று ஒரு சத்தம். 7 மாதத்தில், பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் பின் ஷாஃப்டின் கிராஸ் (முனையில் வளைந்து சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட்) 2 முறை போய்விட்டது. ஒருவர் ஷாஃப்டை பேலன்ஸ் பண்ணச் சொல்கிறார், இன்னொருவர் டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) ஒரு அங்குலம் இறக்கச் சொல்கிறார், மூன்றாமவர் ஆப்பு வைத்துப் பின் ஹவுசிங்கில் (அச்சுக்கூடு) ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கை இன்னும் தூக்கி ஷாஃப்டுக்கு நேராக்கச் சொல்கிறார். நீங்கள் கேட்டிருப்பது எந்தக் கம்பெனி கிராஸ் நல்லது என்று.

உண்மையில் உங்கள் கேள்வி அதுவல்ல. வருடக்கணக்கில் உழைத்த கிராஸ் இப்போது ஏன் மூன்று மாதத்தில் சாகிறது என்பதுதான். மாறியது கிராஸின் தரமில்லை, அது வேலை செய்யும் கோணம். எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கிப் போட்டாலும் அந்தக் கோணம் அப்படியேதான் இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்து, எஸ்டேட் ஜீப்பும் ஜிப்சியுமாக இருபது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் வண்டியைக் கண்ணால் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வையுங்கள். கோணம்தான் பிரச்சினை என்பதில் எனக்கு அனேகமாகச் சந்தேகமில்லை. எந்த ஷாஃப்ட், எத்தனை டிகிரி என்பதை நீங்கள் அளந்து சொன்னால்தான் உறுதி.

கிராஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாக்கெட் செட்டில் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று இருக்கும். அதை நன்றாக வளைத்து, ஒரு கையால் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு, மறுமுனையை இன்னொரு கையில் மெதுவாகப் பிடியுங்கள். மறுமுனை சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு அதிகமாக அதிகமாக இந்த இடறலும் அதிகமாகும். 5 டிகிரியில் வேக வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 10 டிகிரியில் ஒன்றரை, 15-இல் மூன்றரை, 20-இல் ஆறு சதவீதம். ஏறும் விதத்தைக் கவனியுங்கள்: கோணம் இரட்டிப்பானால் இடறல் நாலு மடங்கு. அதனால்தான் ஒரு அங்குலம் தூக்கியவன் ஒன்றும் தெரியவில்லை என்கிறான், மூன்று அங்குலம் தூக்கியவன் புலம்புகிறான்.

அப்படியானால் கம்பெனி வண்டி ஏன் நடுங்குவதில்லை? ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறது. மேல் கிராஸ் உண்டாக்கும் இடறலைக் கீழ்க் கிராஸ் அதே அளவு எதிர்ப்பக்கம் இடறி ரத்து செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை அடிக்கடி கெடுவது பட்டறையில்தான். கிராஸ் மாற்றும்போது ஸ்பிளைனை (ஷாஃப்ட் நீண்டு குறுக இடம் தரும் பல்லிணைப்பு) பிரித்துவிட்டு ஒரு பல் தள்ளிச் சொருகிவிடுவார்கள். 2 முறை கிராஸ் மாற்றியிருப்பதால் இதை முதலில் பாருங்கள். ஷாஃப்டின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பார்த்தால் இரண்டு யோக்கின் காதுகளும் ஒன்றுக்கு நேராக ஒன்று தெரிய வேண்டும். பார்க்க ஒரு பைசா செலவில்லை.

அடுத்து எந்த ஷாஃப்ட் என்பது. மற்ற ஃபோர் வீல் வண்டிகளில் பெரும்பாலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டுதான் இருக்கும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியில்லை, தனியாக நடுவில் தொங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட் போகிறது. ஆக மூன்று. முன் சக்கர ஹப்பில் லாக் (சக்கரத்தை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவுவது) இருந்து, அதை ஃப்ரீயில் வைத்து, லீவரை டூ வீலில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுற்றாது. அப்போதும் நடுக்கம் அப்படியே இருந்தால் முன் ஷாஃப்டை விட்டுவிடலாம். யாராவது ஹப் லாக்கைக் கழற்றிவிட்டு ஃபிக்ஸட் பிளேட் போட்டிருந்தால் இந்தச் சோதனை செல்லாது, முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ஜிப்சிகளில் இது சகஜம், உங்களுடையதையும் பார்த்துவிடுங்கள்.

நடுக்கத்தின் வேகமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உங்கள் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏழரைச் சுற்று. கிரௌன் பினியன் விகிதம் சுமார் 3.9, அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.9 சுற்று, எனவே பின் ஷாஃப்ட் வினாடிக்கு 29, 30 சுற்று. கோணத் தகராறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கும், அதாவது வினாடிக்கு 60 வரை. சக்கரம் பேலன்ஸ் இல்லாவிட்டால் வருவது ஏழெட்டு ஆட்டம், ஸ்டியரிங் குலுங்குவது போல் கண்ணுக்கே தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தால் முப்பது. கோணம் என்றால் அறுபது, அது குலுக்கலாக இருக்காது, தரையில் தேனீக்கூடு வைத்தது போல ஒரு ரீங்காரம். குட்டை ஷாஃப்ட் ஹை ரேஞ்சில் (சாதாரணமாக ஓட்டும் நிலை) பின் ஷாஃப்டைப் போலச் சுமார் 1.4 மடங்கு வேகத்தில் சுற்றும். எனவே அதன் கோணத் தொல்லை எண்பதுக்கு மேல் வரும், இன்னும் மெல்லிய குரல். போனில் அதிர்வெண் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கின்றன. போனை வண்டியின் தரையில் சப்பென்று வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்காதீர்கள்.

இன்னொரு அடையாளம்: ஷாஃப்ட் பேலன்ஸ் வேகத்தோடு மட்டும் உறவுள்ளது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் 60 என்றால் 60-க்குரிய நடுக்கம் இருக்கும். உங்களுக்கு விட்டால் குறைகிறது. மிதிக்கும்போது பின் ஹவுசிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும்பும், விட்டால் இறங்கும், கோணம் மாறும். அதனால்தான் பேலன்ஸ் செய்யச் சொன்னவர் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பேலன்ஸ் செய்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை, காசுதான் போகும்.

இனி அளவு. போனில் வரும் நீர்மட்டம் ஆப் போதும், காந்தம் வைத்த கோணமானி கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டி சமதளத்தில், தன் எடையில், சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் எல்லாமே தப்பு. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டு அடியில் போங்கள். மூன்று அளவு வேண்டும்: டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச். ஃபிளாஞ்ச் முகத்தில் வைத்து எடுக்கும் அளவு 90-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, கேஸின் அச்சு பின்பக்கம் 2 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 14 டிகிரி சரிவு, பினியன் அச்சு 5 டிகிரி சரிவு என்று வந்தால், மேல் கிராஸ் 12 டிகிரியில் வேலை செய்கிறது, கீழ்க் கிராஸ் 9 டிகிரியில். 3 டிகிரி வித்தியாசம். உங்கள் வண்டியிலும் இந்த மாதிரி ஒன்றுதான் வரும் என்று ஊகிக்கிறேன். காரணம் ஷாக்கிள். பின் பட்டைக்கு ஷாக்கிள் பின்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் பின்முனை மட்டும் கீழே போகும், முன்முனை இருந்த இடத்தில் இருக்கும், ஹவுசிங் முழுவதும் திரும்பிப் பினியன் மூக்கு மேலே பார்க்கும். ஒரு மீட்டர் நீளப் பட்டையில் 50 மில்லிமீட்டர் நீட்டினால் ஏறக்குறைய 3 டிகிரி. பட்டையின் வளைவை மட்டும் ஏற்றியிருந்தால் ஹவுசிங் இவ்வளவு திரும்பியிருக்காது, இரண்டு கோணமும் சேர்ந்தே ஏறியிருக்கும்.

இந்த இடத்தில்தான் மூன்றாமவர் சொன்ன யோசனை ஆபத்தானது. பினியன் மூக்கு ஷாஃப்டுக்கு நேராக நின்றால் பார்க்க அழகாக இருக்கும், கீழ்க் கிராஸுக்கு வேலையே இல்லை என்று தோன்றும். ஆனால் மேல் கிராஸ் 12 டிகிரியில் இடற, அதை ரத்து செய்யக் கீழே ஆளில்லை. இடறல் முழுவதும் கிரௌன் பினியனுக்குப் போகும். பினியன் ஷாஃப்டைப் பார்க்கும்படி வைப்பது டபுள் கார்டன் ஷாஃப்டுக்கு மட்டும்தான். அதில் மேல்முனையில் இரண்டு கிராஸ் முதுகொட்டி இருக்கும், அவை தங்களுக்குள்ளேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். அந்த ஷாஃப்ட் போட்ட வண்டியின் படத்தை எங்காவது பார்த்துவிட்டு, சாதாரண ஷாஃப்டுக்கும் அதையே செய்வது நான் அதிகம் பார்த்த தப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு எஸ்டேட்காரர் ஜிப்சி கொண்டுவந்தார். ஷாஃப்டை 2 முறை பேலன்ஸ் செய்து, 3 கிராஸ் மாற்றி, கடைசியில் வண்டியை விற்கிற முடிவில் இருந்தார். அளந்தால் மேலே 13, கீழே 3. யாரோ 6 டிகிரி ஆப்பு வைத்து மூக்கைத் தூக்கியிருந்தார்கள். அந்த ஆப்பைக் கழற்றிவிட்டு மறுபக்கம் திருப்பி 4 டிகிரி வைத்தேன். அன்று சாயங்காலமே 70-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக என்ன சாமான் போட்டீர்கள் என்று கேட்டார்.

எனவே உங்களுக்கு வேண்டியது மூக்கை இறக்கும் ஆப்பு. மேலே சொன்ன உதாரண அளவுக்கு 3 டிகிரி வைத்தால் இரண்டு கோணமும் 12 ஆகிவிடும். ஆப்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஜிப்சியில் பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருக்கிறது. அதில் ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் பின்பக்கம் பார்த்தால் மூக்கு இறங்கும். பட்டையை ஹவுசிங்குக்கு மேலே மாற்றிக் கட்டிய வண்டியில் அதே ஆப்பை அதே மாதிரி வைத்தால் மூக்கு ஏறும். அப்படிப்பட்ட ஒரு வண்டியில் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டு, மறுநாள் முழுவதும் திரும்பக் கழற்றி மாட்டினேன். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கும், வெடிக்கும். லேத்தில் இரும்பில் சீவச் சொல்லுங்கள். நடுவில் ஓட்டை போட்டு, பட்டையின் சென்டர் போல்ட் தலை ஹவுசிங்கின் குழியில் இன்னும் நன்றாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உட்காராவிட்டால் நீளமான போல்ட் போடுங்கள். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட் புதிதாக வாங்கி, முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை இறுக்குங்கள். அந்த 'டங்' சத்தம் கிராஸிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறீர்கள். பாதி நேரம் தளர்ந்த யூ போல்ட்டும், தேய்ந்த ஷாக்கிள் புஷ்ஷும், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டும்தான் காரணம். உதவிக்கு ஒருவரை வைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்தபடி கிளட்சை லேசாக விடச் சொல்லி, பக்கவாட்டில் தள்ளி நின்று கேஸைப் பாருங்கள். நன்றாகத் துள்ளினால் மவுண்ட் முடிந்துவிட்டது. வண்டிக்கு முன்னாலோ அடியிலோ யாரும் இருக்கக் கூடாது.

டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கலாமா என்றால், கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் வண்டிகளில் அதற்கு அர்த்தம் உண்டு. ஜிப்சியில் பின் ஷாஃப்டின் கோணம் கொஞ்சம் குறையும், ஆனால் அந்தக் குட்டை ஷாஃப்ட் மாட்டிக்கொள்ளும். அது 250 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் இறக்கினால் அதன் கோணம் கிட்டத்தட்ட 6 டிகிரி கூடும். அதுவும் 1.4 மடங்கு வேகத்தில் சுற்றுகிற ஷாஃப்ட். ஒரு வலியை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பதுதான். தரையிலிருந்து ஏற்றிய உயரத்தில் ஒரு அங்குலமும் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் 12-க்கு 12 என்பது நல்ல நிலைமை இல்லை, சமாளிக்கும் நிலைமை. பினியனுக்கு இடறல் போகாது என்றாலும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் குழாய் ஒவ்வொரு சுற்றிலும் முந்திப் பிந்திக்கொண்டுதான் இருக்கும், கிராஸின் ஊசி பேரிங்கும் அதிகத் தூரம் ஆடிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 3 டிகிரிக்குள் வைப்பதுதான் வழக்கம். அதற்காகப் பூஜ்ஜியமும் கூடாது. அரை டிகிரியாவது வளைந்தால்தான் ஊசி உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அடித்துப் பள்ளம் விழும். நீங்கள் மாற்றிய பழைய கிராஸைத் தூக்கிப் போடவில்லையென்றால் கொண்டுவந்து துடைத்துப் பாருங்கள். காலில் ஊசி ஊசியாக வரிப்பள்ளம் இருந்தால் பாரம் தாங்கவில்லை என்று அர்த்தம். செம்மண் மாதிரி துருப்பொடி இருந்தால் கோணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் இறங்கிவிட்டு கிரீஸ் அடிக்கவில்லை. நீலம் பாய்ந்திருந்தால் சூடு.

ஸ்பிளைனையும் விட்டுவிடாதீர்கள். தூக்கினால் ஷாஃப்ட் எட்ட வேண்டிய தூரமும் கூடுகிறது. சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஹவுசிங்கை முழுசாகத் தொங்கவிட்டு, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இடித்து நின்றால் யோக்கின் காது ஒன்றையொன்று தொடுகிறது. தொட்ட இடத்தில் பெயின்ட் போய் வெள்ளியாக மின்னும். காட்டில் ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போது கிராஸ் உடைவது அந்த இடத்தில்தான். அந்தத் தொங்கலிலும் ஸ்பிளைன் உள்ளே 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது என் பட்டறை வழக்கம். குறைந்தால் ஃபிளாஞ்சில் ஸ்பேசர் போடலாம், அது நீளத்தை மட்டும் சரிசெய்யும், கோணத்தை அல்ல. அதே தொங்கலில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். விறைத்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

முன்பக்கத்தில் ஆப்பு வைக்க ஆசைப்பட வேண்டாம். அங்கே ஷாக்கிள் முன்முனையில் இருப்பதால், நீட்டியதில் ஏற்கெனவே காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருக்கும். ஸ்டியரிங் தானாக நேராக வராமல் மிதப்பது போல இருந்தால் அதுதான். முன் ஹவுசிங்கில் பினியனுக்குச் சாதகமாகத் திருப்பினால் காஸ்டர் கெடும், காஸ்டருக்குச் சாதகமாகத் திருப்பினால் பினியன் கெடும். நான் எப்போதும் காஸ்டர் பக்கம்தான். ஹப் லாக் உள்ள வண்டியில் முன் ஷாஃப்ட் ஃபோர் வீலில் மெதுவாகப் போகும்போது மட்டும் சுற்றுகிறது, ஸ்டியரிங் எல்லா நேரமும் கையில் இருக்கிறது. வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் வந்திருந்தால் நான் செய்வது இன்னும் எளிது. நீள ஷாக்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய ஷாக்கிளையே மாட்டுவேன். ஒரு அங்குலம் குறையும், 2 அங்குலம் மிஞ்சும், 215/75-க்கு அது போதும். கம்பெனி டயரைவிட அது 5 சதவீதம்தான் பெரிது. பினியனும் காஸ்டரும் தானாகத் தங்கள் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆப்பே தேவைப்படாமல் போகலாம். உயரம் குறைவதை உங்கள் மனம் ஒப்பாது என்று தெரியும், அதனால்தான் ஆப்புக் கதையை இவ்வளவு நீட்டினேன். 3 அங்குலம் கண்டிப்பாக வேண்டும், நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும் என்றால் டபுள் கார்டன் ஷாஃப்ட் செய்துகொள்ளுங்கள். அப்போது மட்டும் பினியன் ஷாஃப்டைப் பார்க்கட்டும், அதுவும் ஒரு டிகிரி தாழ்வாக, மிதிக்கும்போது எழும்ப இடம் விட்டு. நல்ல லேத்தும் பேலன்சிங் மெஷினும் உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போதும், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது கேள்வியாக வரும்.

இப்போதைக்குப் புதுக் கிராஸ் வாங்க வேண்டாம். யோக் வாட்டத்தைப் பாருங்கள், யூ போல்ட்டை இறுக்குங்கள், ஹப் லாக்கை ஃப்ரீயில் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்புறம் அந்த மூன்று அளவையும், ஷாக்கிளின் பழைய நீளம், புது நீளம் இரண்டையும் இங்கேயே எழுதுங்கள். ஆப்பு எத்தனை டிகிரி சீவ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.